முன்னாலிருந்து மூன்றாவது பல்

என் தங்கை இளமதியின் வேலை, மூன்று வயதுப் பிள்ளை அளவுள்ள பொம்மையின் முகத்தில் காரின் காற்றுப்பையை வெடிக்க விட்டு, அதன் கழுத்து எவ்வளவு இழுபட்டது என்று அளந்து எழுதுவது. ஏர்பேக் என்று சொன்னால்தான் எங்கள் புவனகிரியில் புரியும். புரிந்த பிறகும் சிரிப்பார்கள். எங்கள் தெருவில் அவளுக்குப் பெயர் பொம்மைக்காரி. பெண் பார்க்க வந்த ஒரு வீட்டில் மாப்பிள்ளையின் அம்மா, "நாளெல்லாம் புள்ள கழுத்த ஒடிக்கிற கைய்யி, எங்க வூட்டுப் புள்ளய எப்பிடித் தூக்கும்?" என்று கேட்டுவிட்டுக் காபியைக் குடிக்காமல் எழுந்தார். இளமதி அந்தக் காபியைத் தானே எடுத்துக் குடித்தாள்.

அவள் வேலை செய்யும் இடம் கடலூர் - சிதம்பரம் சாலையில், குடிகாட்டுக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையின் கடைசியில் இருக்கும் நீளமான தகரக் கொட்டகை. கார் கம்பெனிகளுக்குப் பாகங்கள் செய்து கொடுப்பவர்கள் தங்கள் காற்றுப்பைகளை அங்கே அனுப்பி வெடித்துப் பார்த்துக்கொள்வார்கள். சிதம்பரத்தில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்த கையோடு சேர்ந்தவள், இந்தத் தை வந்தால் ஒன்பது வருடம். நான் பத்தாவதோடு நிறுத்திவிட்டுத் தையல் கடை போட்டவன். அந்தப் பொம்மைகளுக்கு உடுப்புத் தைப்பதும் நான்தான். மெல்லிய பருத்தித் துணி, கழுத்தில் பட்டன் கூடாது, கை முட்டியோடு நிற்க வேண்டும்.

பொம்மை என்றால் கடையில் தொங்கும் பொம்மை இல்லை. எடை பதினாறு கிலோ. உள்ளே இரும்பு எலும்பு, மேலே ரப்பர் தோல். கழுத்து மட்டும் தனி வேலைப்பாடு. ரப்பர் வில்லை, உலோக வில்லை என்று மாற்றி மாற்றி அடுக்கி, நடுவில் ஒரு கம்பி வடம் ஓடும். தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் தீப்பெட்டி அளவில் ஓர் அளவுக்கருவி. இழுப்பு, மடிப்பு, முறுக்கு எல்லாம் அது சொல்லும். ஒவ்வொரு வெடிப்புக்கு முன்னாலும் இளமதி எல்லா மூட்டுகளையும் சரிபார்ப்பாள். கையை நீட்டி விட்டால் அது தானாக நிற்க வேண்டும், லேசாகத் தட்டினால் விழ வேண்டும், அவ்வளவுதான் இறுக்கம். அறையின் சூடு இருபத்தொன்றிலிருந்து இருபத்திரண்டு டிகிரிக்குள் நாலு மணி நேரம் நிற்க வேண்டும். ஒரு தடவை அவளுடைய மேனேஜர் பஞ்சநாதம் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார். அன்றைய வெடிப்பையே நிறுத்திவிட்டாள். விருந்தாளிகள் பார்க்காமலே ஊருக்குப் போனார்கள். பஞ்சநாதம் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் அதைச் சொல்லிக் குறைபட்டுக்கொள்வார்.

நான் முதல் தடவை பார்த்தபோது, பார்த்தேன் என்றே சொல்ல முடியாது. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், வெள்ளைத் தூள், கருகிய நாற்றம், முடிந்துவிட்டது. பிறகு அதை கேமராவில் மெதுவாக ஓட்டிக் காட்டினாள். டேஷ்போர்டு மூடி கிழிகிறது. உள்ளேயிருந்து பை மெத்தைபோல வரவில்லை, குத்த மடக்கிய கைபோல ஒரு முட்டி வருகிறது. அது பொம்மையின் தாடைக்கு அடியில் புகுந்து தூக்குகிறது. உடம்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது, தலை மட்டும் கிளம்புகிறது. நடுவில் கழுத்து நீளுகிறது, பின்னால் மடிகிறது. பிறகுதான் பை விரிந்து நாம் விளம்பரத்தில் பார்க்கும் தலையணை ஆகிறது. வெடிப்பதற்கு முன் தாடைக்கு நீலம், மூக்குக்குச் சிவப்பு, நெற்றிக்கு மஞ்சள் என்று சாயம் பூசி வைப்பாள். பையில் எந்த நிறம் எங்கே ஒட்டியிருக்கிறதோ அதை வைத்து எது முதலில் அடிபட்டது என்று படிப்பாள். அன்று பை முழுக்க நீலம். நான் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் கழுத்தைக் கழற்றி வில்லை வில்லையாக விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி சொல்லப்போவது போன வருடம் நடந்தது.

புவனகிரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் கொளஞ்சியப்பன் என்பவர். கரும்பு விவசாயம், சொந்தத்தில் உரக்கடை. அவர் மனைவி இலக்கியா பத்து வருடமாக என் கடையில் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர். அவர்களுடைய ஒரே பிள்ளை சபரீஷ். மூன்று வயதில் காதுகுத்து வைத்தார்கள். பட்டுச் சட்டை தைக்கப் பிள்ளையை என் கடை மேசையில் நிறுத்தித்தான் அளவெடுத்தேன். மார்பு இருபதரை அங்குலம். கழுத்தை அளக்க விடாமல் கூச்சத்தில் நெளிந்தான்.

காதுகுத்து அவர்களுடைய குலதெய்வக் கோயிலில். மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள். தாய்மாமன் சேரன், இலக்கியாவின் தம்பி. இருபத்தொரு தட்டு சீர் கொண்டுவந்திருந்தான். திரும்பும்போது கொளஞ்சியப்பன் தன் காரை ஓட்டினார். எங்கள் பக்கத்து வழக்கம், காது குத்திய அன்றைக்கு வீடு போய்ச் சேரும் வரை பிள்ளை தாய்மாமன் மடியைவிட்டு இறங்கக் கூடாது, தாய்மாமனுக்குத்தான் முன்சீட்டு. அதனால் சேரன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தான். பின்னால் இலக்கியாவும் சீர்த்தட்டுகளும் பித்தளைக் குடமும் வாழைத்தாரும்.

ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் வளைவில் ஒரு கரும்பு டிரெய்லர் பஞ்சராகி நின்றது. கொளஞ்சியப்பன் பிரேக் அடித்தார், நிற்கவில்லை. டிரெய்லரின் பின்கட்டையில் கார் போய் முட்டியது. வேகம் அதிகமில்லை. பானட் மடங்கியது, கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. முன்னால் இரண்டு பையும் வெடித்தன. கொளஞ்சியப்பனுக்கு மணிக்கட்டில் சிராய்ப்பு. சேரனுக்கு மூக்கில் ரத்தம். இலக்கியாவுக்கு ஒன்றுமில்லை.

சபரீஷ் செத்துப் போயிருந்தான்.

மொட்டைத் தலையில் பூசிய சந்தனம்கூடக் கலையவில்லை. தாடைக்கு அடியில் மட்டும் தோல் உரிந்திருந்தது. சட்டையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. டிரெய்லர்காரர்கள் ஓடிவந்து பிள்ளையைத் தூங்குகிறான் என்றுதான் நினைத்தார்களாம். கொளஞ்சியப்பன் சுற்றி வந்து கதவைத் திறந்து பிள்ளையின் முகத்தைத் தூக்கியபோது தலை பின்பக்கமாகத் தொங்கியது.

"எம் புள்ளய இன்னாடா பண்ண மச்சான்?" என்று கேட்டாராம். கத்தவில்லை, மெதுவாகத்தான் கேட்டார் என்று டிரெய்லர் ஓட்டி பிற்பாடு சாட்சி சொன்னார்.

அப்புறம் டிக்கியைத் திறந்து வீல் ஸ்பானரை எடுத்தார். முதல் அடி சேரனின் தாடையில். இரண்டாவது இடது கையில், மூன்று விரல்கள் நொறுங்கின. அதற்குப் பிறகு தோளிலும் முதுகிலும். சேரன் கையைத் தூக்கித் தடுத்திருக்கலாம். பிள்ளையை விட்டால்தானே கையைத் தூக்க முடியும். அவன் பிள்ளையை விடவில்லை. குனிந்து பிள்ளையின் மேல் கவிழ்ந்துகொண்டான். கடைசியில் டிரெய்லர்காரர்கள் கரும்பு கட்டும் கயிற்றால் கொளஞ்சியப்பனைக் கட்டித்தான் நிறுத்தினார்கள்.

சிதம்பரத்தில் பிரேதப் பரிசோதனை. மண்டையோடும் கழுத்தும் சேரும் இடத்தில் எலும்பு விலகி, உள்ளே நரம்புத் தண்டு அறுந்திருக்கிறது என்று எழுதினார்கள். ஊர் அதைக் கழுத்தைத் திருகியது என்று படித்தது. பை வெடித்தால் ஆள் பிழைக்கும் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. பக்கத்தில் பை வெடித்து, ஓட்டியவர் பிழைத்து, மடியில் வைத்திருந்தவன் பிழைத்து, பிள்ளை மட்டும் எப்படிச் சாகும்? அக்காவுக்கும் தம்பிக்கும் இடையே அரைக் காணி நிலத்தில் பேச்சு இருந்தது. அது போதுமாயிருந்தது. இடித்த குழப்பத்தில் சேரன் பிள்ளையின் கழுத்தை முறித்துவிட்டான் என்று கொளஞ்சியப்பன் எழுதிக் கொடுத்தார். கொலை வழக்கு பதிவானது. சேரனால் வாய் திறக்க முடியாது, தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். போலீஸ் காகிதத்தைக் கொடுத்ததற்கு அவன் எழுதியது ஒரு வரி: நான்தான் இறுக்கிப் பிடித்தேன். அதை ஒப்புக்கொண்டதாக வைத்துக் கடலூர் ஜெயிலில் போட்டார்கள்.

இதையெல்லாம் இளமதிக்கு நான் சொன்னது அவள் மத்தியானம் சாப்பிடும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் தைத்துக் கொடுத்த சட்டையோடு பிள்ளையைப் புதைத்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கை நின்றது. என்ன கேட்பாள் என்று நினைத்தேனோ அதைக் கேட்கவில்லை.

"சீட்டு முன்னாடி இருந்துச்சா, பின்னாடி இருந்துச்சா ண்ணா?"

எனக்குத் தெரியாது என்றேன். கையைக் கழுவிவிட்டு வந்து, அந்தப் பையன் அளவு நோட்டில் இருக்கிறதா என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். அவளுடைய பொம்மையின் மார்பு இருபது அங்குலம். பையனுக்கு அரை அங்குலம் கூடுதல். உயரம் இரண்டு பேருக்கும் ஒரு விரல்கடைதான் வித்தியாசம். கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேரனுக்காக வாதாடியவர் சிதம்பரம் தெற்கு வீதியில் இருக்கும் கார்த்யாயினி என்ற வக்கீல். இளமதியே அவரைத் தேடிப் போனாள். வக்கீல் முதலில் அவளை நம்பவில்லை. பொம்மை வைத்துக் கோர்ட்டில் என்னம்மா நிரூபிக்க முடியும் என்று கேட்டாராம். இளமதி தன் போனில் ஒரு படத்தை மெதுவாக ஓட்டிக் காட்டியிருக்கிறாள். வக்கீல் அதை இரண்டாம் முறை பார்க்கவில்லை. மறுநாளே மனுப் போட்டார். கோர்ட் கடிதம் இல்லாமல் கொட்டகையில் ஒரு சுவிட்சுகூடப் போட விடமாட்டேன் என்று பஞ்சநாதம் சொல்லிவிட்டார். கடிதம் வர மூன்று மாதம் ஆனது. அதற்குள் சேரன் ஜாமீனில் வந்திருந்தான்.

கோர்ட் அனுமதியோடு, போலீஸ் பிடித்து நிறுத்தியிருந்த காரை இளமதி போய் அளந்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. நான் குடை பிடித்தேன். கார் சீட்டுக்கு அடியில் பல் வைத்த தண்டவாளம் இருக்கும். கீழே உள்ள கம்பியைத் தூக்கினால் சீட்டு டக் டக்கென்று பல் பல்லாக நகரும். அந்தக் காரில் மொத்தம் பதினெட்டுப் பல். சீட்டு முன்னாலிருந்து மூன்றாவது பல்லில் நின்றது. அங்கிருந்து டேஷ்போர்டு வரை அளந்தாள். மடியில் பிள்ளை உட்கார்ந்தால் அதன் தாடைக்கும் பை மூடிக்கும் நடுவில் ஒரு சாண்கூடத் தேறாது.

ஆனால் கொளஞ்சியப்பன் தரப்பு வேறு சொன்னது. சீட்டு அன்றைக்குக் கடைசிப் பல்லில், முழுக்கப் பின்னால்தான் இருந்தது, காரை இழுத்து வந்தவர்கள் யாரோ முன்னால் தள்ளியிருக்கிறார்கள் என்றது. போலீசும் யார் தொட்டார்கள் என்று தெரியாது என்றது. சேரனைக் கேட்டால் ஞாபகமில்லை என்றான். வக்கீல் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் ஞாபகமில்லை. இலக்கியா யாரிடமும் எதுவும் பேசவில்லை. என் கடைக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்.

"சீட்டு எங்க இருந்துச்சின்னு தெரியாம நான் எத வெடிக்கிறது? ரெண்டு எடத்துலயும் வெடிக்கிறேன். எது நெசம்னு அவுங்க சொல்லட்டும்" என்றாள் இளமதி.

வெடிப்பு நாளன்று கோர்ட் நியமித்த வயதான வக்கீல் ஒருவர் வந்தார். கார்த்யாயினி வந்தார். கொளஞ்சியப்பன் இலக்கியாவையும் கூட்டிக்கொண்டு வந்தார், தன் பக்கத்துச் சாட்சியாக. சேரன் வரவில்லை. பொம்மைக்கு உடுத்துவதற்காக நான் போயிருந்தேன். அதே மாதிரி காரின் முன்பாதியை அறுத்து மேடைமேல் பொருத்தியிருந்தார்கள். பெரிய ஆள் பொம்மை ஒன்று சீட்டில் உட்கார்ந்திருந்தது. அதன் மடியில் சின்னதை வைத்து, பிரேக் அடித்தால் எவ்வளவு முன்னால் சரியுமோ அவ்வளவு சரித்து வைத்தாள். இரண்டு வெடிப்புக்கும் அதே சரிவு. பெரியதின் கைகளைச் சின்னதின் நெஞ்சைச் சுற்றிக் காகித நாடாவால் ஒட்டினாள்.

கொளஞ்சியப்பன் பார்த்துக்கொண்டேயிருந்தவர், "பொம்ம கையும் மனுசன் கையும் ஒண்ணாம்மா? நாடாவப் போட்டு ஒட்டிட்டா புடிச்ச மாதிரி ஆயிடுமா?" என்றார்.

"மனுசன் கைக்கு முறுக்கிப் புடிக்க அரை செகண்டாவது வேணும் சார். இது அதுல பத்துல ஒரு பங்குக்குள்ள முடிஞ்சிடும். புடிச்சாலும் வுட்டாலும் அதுக்குள்ள ஒண்ணும் மாறாது" என்றாள் இளமதி. சொல்லிக்கொண்டே சின்னதின் தாடையில் நீலம் பூசினாள்.

முதலில் சீட்டு கடைசிப் பல்லில். எல்லோரும் தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றோம். வெடித்தது. இலக்கியா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குந்திவிட்டார். தூள் அடங்கியதும் பார்த்தோம். சின்னது பின்னால் சாய்ந்து, பெரியதின் நெஞ்சில் தலை வைத்திருந்தது. பையில் மூக்குச் சிவப்பும் நெற்றி மஞ்சளும் பரவலாக ஒட்டியிருந்தன. கழுத்து இழுப்பு அறுநூற்று நாற்பது நியூட்டன் என்று கணினி காட்டியது. ஆயிரத்து நூற்று முப்பதைத் தாண்டினால்தான் இந்த வயதுப் பிள்ளைக்கு உயிர்போகும் காயம் என்று கணக்கு. கோர்ட் வக்கீல் கிலோவில் கேட்டார். தாங்குவது நூற்றுப் பதினைந்து கிலோ, இப்போது விழுந்தது அறுபத்தைந்து கிலோ என்றாள்.

"அப்ப பையால சாவல. எழுதிக்கங்க சார்" என்றார் கொளஞ்சியப்பன்.

கார்த்யாயினி இளமதியின் பக்கம் திரும்பினார். இளமதி ஆமாம் என்றே சொன்னாள். சீட்டு அங்கே இருந்திருந்தால் பையால் செத்திருக்க முடியாது என்று தன் கையாலேயே எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினாள். எனக்குக் கோபம் வந்தது. சேரனைக் காப்பாற்ற வந்தவள் சேரனுக்குக் கயிறு திரிக்கிறாளே என்று நினைத்தேன்.

அடுத்த வெடிப்புக்கு முன் அரைமணி நேரம் ரப்பர் ஓய வேண்டும். இளமதியையும் என்னையும் தவிர எல்லோரும் வெளியே போனார்கள். நான் பொம்மைக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். இலக்கியா மட்டும் உள்ளே வந்து பொம்மைக்குப் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்தார், பேசவில்லை. இளமதியைப் பார்த்துத்தான் கேட்டார்.

"வலிச்சிருக்குமா?"

பொம்மைக்கு என்று அவர் கேட்கவில்லை என்பது எனக்கே புரிந்தது. வேறு யாராயிருந்தாலும் இல்லைம்மா என்று சட்டென்று சொல்லியிருப்பார்கள். இளமதி கொஞ்சம் யோசித்தாள்.

"சீட்டு பின்னாடி இருந்திருந்தா வலிச்சிருக்கும், பொழச்சிருப்பான். சீட்டு முன்னாடி இருந்திருந்தா வலி மூளைக்குப் போய்ச் சேர்ற வழியே அறுந்து போயிருக்கும்க்கா. அவனுக்குத் தெரிஞ்சிருக்காது."

இலக்கியா பொம்மையின் காலைத் தொட்டார். ரப்பர் குளிர்ந்திருந்ததோ என்னவோ, உடனே கையை எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது வெடிப்புக்கு இளமதி எல்லோர் முன்னாலும் கம்பியைத் தூக்கி, சத்தமாக எண்ணிக்கொண்டே சீட்டை முன்னால் இழுத்தாள். பதினைந்து டக். முன்னாலிருந்து மூன்றாவது பல். சின்னதின் தாடை பை மூடிக்கு நேராக வந்து நின்றது. தடுப்புக்குப் பின்னால் வந்து பொத்தானை அழுத்தினாள்.

சத்தம் அதேதான். ஆனால் அதற்குள் இன்னொரு சத்தம் கேட்டது, தேங்காயைத் துணியில் சுற்றித் தரையில் அறைந்த மாதிரி. காகித நாடா அறுந்து பறந்தது. தூள் அடங்கியபோது சின்னதின் முகம் கூரையைப் பார்த்திருந்தது. பின்னந்தலை முதுகைத் தொட்டது. தாடைத் தோல் ஒரு காதிலிருந்து மறு காதுப் பக்கம் வரை கிழிந்து, உள்ளே இரும்பு தெரிந்தது. மடியில் உடம்பு வைத்த இடத்திலேயே இருந்தது. பெரியதுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூடி கிழிந்த இடத்தில் பை முழுக்க நீலம்.

இரண்டாயிரத்து நானூற்று எழுபது. இருநூற்று ஐம்பது கிலோ.

இளமதி படத்தை மெதுவாக ஓட்டினாள். திரையில் அந்தத் தலை எழுந்து எழுந்து போனது. கொளஞ்சியப்பன் திரையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். சீட்டு அங்கே இல்லவே இல்லை, இதெல்லாம் வேண்டாத வேலை என்று கோர்ட் வக்கீலிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் இலக்கியா பேசினார்.

"அங்கதான் இருந்துச்சு."

அவரே மறுபடி சொன்னார்.

"கொடம் என் கால்ல இடிச்சிது. கால வைக்க எடமில்ல. சேரா, சீட்ட முன்னாடி இழுடான்னு நான்தான் சொன்னேன். அவன் இழுத்தான். இன்னும் இழுடான்னேன். இன்னும் இழுத்தான். இவுரும் பாத்துக்கினுதான் இருந்தாரு. எழுதிக்கங்க சார்."

கோர்ட் வக்கீல் பேனாவை எடுத்தார்.

பக்கத்துத் தள்ளுவண்டியில் இரண்டடி நீள இரும்பு ஸ்பானர் ஒன்று கிடந்தது, பொம்மை மூட்டுகளை அளவு வைத்து இறுக்குவது. கொளஞ்சியப்பன் அதை எடுத்ததை நான் பார்த்தேன். எதற்கு என்று புரிவதற்குள் அவர் அதை இலக்கியாவின் தலையைக் குறிவைத்துச் சுழற்றினார். இளமதி நடுவில் இருந்தாள். தள்ளிவிடப் போனாளா, தடுக்கப் போனாளா என்று அவளுக்கே தெரியவில்லை. ஸ்பானர் அவளுடைய வலது காறை எலும்பில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவள் மேடையில் விழுந்தாள், பொம்மைக் கால்களின் மேல். அவர் இரண்டாவது முறை ஓங்கியபோது பஞ்சநாதம், அறுபது வயதுக்காரர், அவருடைய இடுப்பைக் கட்டிப்பிடித்துத் தொங்கினார். நான் போய் விழுந்தேன். ஸ்பானரைப் பிடுங்கினேன். பிடுங்கிய பிறகும் அடித்தேன். அவர் உதடு கிழிந்து, பல் ஒன்று என் கைமுட்டியில் குத்தியது. கார்த்யாயினி என் சட்டையைப் பிடித்து இழுக்கும் வரை நிறுத்தவில்லை. கொளஞ்சியப்பன் தரையில் கிடந்தபடி தன் பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இளமதியைத் தூக்கப் போனேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, "கதவ மூடுங்க ண்ணா. சூடு ஏறுது. இன்னும் கழுத்த கழட்டிப் பாக்கல" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று எல்லோரும் கெஞ்சினோம். கேட்கவில்லை. வலது கை தொங்கிக்கொண்டிருந்தது, சட்டைத் தோளில் எலும்பு கூடாரம்போல முட்டிக்கொண்டு நின்றது. இடது கையால் ஒவ்வொரு திருகையும் காட்டிக் காட்டி என்னைக் கழற்றச் சொன்னாள். நான் கழற்றினேன். மேலிருந்து இரண்டாவது ரப்பர் வில்லை பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. அதைப் படம் எடுக்கச் சொன்னாள். அளவுகளைச் சொன்னாள், கோர்ட் வக்கீல் எழுதினார். கடைசியில் இடது கையால் கையெழுத்துப் போட்டாள். போட்டதும் மயங்கி விழுந்தாள். அவளை ஏற்றிக்கொண்டு கடலூருக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு அழுகையாக வந்தது. பத்தாவது படித்த என்னிடம் அந்தக் கழுத்தைக் கழற்ற விட்டாளே என்று பெருமையாகவும் இருந்தது.

போலீசில் புகார் கொடுத்தாள். ஸ்பானரின் நீளம் அறுபத்திரண்டு சென்டிமீட்டர், எடை ஒன்றே முக்கால் கிலோ, நின்ற தூரம் இரண்டரை அடி என்றெல்லாம் எழுதிக் கொடுத்தாள். எழுத்தர் வாங்கிப் படித்துவிட்டு, நீங்க எங்க டிபார்ட்மென்டுக்கே வந்துடலாம் என்றாராம். கொளஞ்சியப்பன் பதினெட்டு நாள் உள்ளே இருந்தார். சேரனை அடித்ததற்குத் தனி வழக்கு நடக்கிறது.

சேரன் மேல் இருந்த கொலைக் குற்றத்தைக் கோர்ட் போன மாதம் தள்ளுபடி செய்தது. சொன்னது மத்தியானம். இளமதி சாட்சிக்காக வந்திருந்தாள், தோளில் தகடு வைத்திருந்ததால் கையைக் கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் போட்டிருந்தாள். எல்லோரும் வெளியே வந்து கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தின் ஓரத்தில் பஸ்ஸுக்கு நின்றோம். சேரனை அன்றுதான் பக்கத்தில் பார்த்தேன். தாடை ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு, பேச்சு குழறியது. இடது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை.

இலக்கியா கொஞ்சம் தள்ளி, தனியாக நின்றார். கொட்டகை நாளுக்குப் பிறகு அவர் புருஷன் வீட்டுக்குப் போகவில்லை, தம்பி வீட்டுக்கும் வரவில்லை. சின்னம்மா வீட்டில் இருந்தார். சேரன்தான் நடந்து போனான்.

"நீ சொல்லாமயே இருந்திருக்கலாம்க்கா."

"ஆறு மாசம் சொல்லாமதான இருந்தேன்."

"எனக்கு ஞாபகமில்லன்னுதான நானும் சொன்னேன்."

"தெரியும். வக்கீலம்மா சொன்னாங்க, மூணு தடவ கேட்டாங்களாம்ல." அவர் அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஜெயிலுக்குப் போனாலும் போவேன், அக்கா காதுல அது வுழக்கூடாதுன்னு இருந்திட்ட. எனக்கு அது மொதல் நாளே தெரியும்டா. தெரிஞ்சிதான் உன்ன உள்ள உட்டுட்டு வாய மூடிக்கினு இருந்தேன்."

சேரன் என்னவோ சொன்னான், தாடை குழறியதில் எங்களுக்குப் புரியவில்லை. அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

என் பக்கத்தில் நின்ற இளமதி அவர்களைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் பார்க்கவில்லை. பஸ் வந்தது. கூட்டம். சேரன் படியில் கால் வைத்து, கம்பியைப் பிடிக்க இடது கையை நீட்டினான். விரல் மடங்காமல் கை நழுவியது. இலக்கியா அதற்குள் முண்டியடித்து மேலே ஏறியிருந்தார். குனிந்து அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பற்றி உள்ளே இழுத்துக்கொண்டார். பஸ் கிளம்பிவிட்டது.

அவர்கள் ஊருக்குப் போகும் பஸ் அது. நாங்கள் ஏறவில்லை. இளமதிக்குக் கொட்டகையில் வேலை இருந்தது. புதுக் கழுத்து வந்திருந்தது, அதைப் பொருத்தி அளவு பார்க்க வேண்டும். ஒரு கையால் எப்படி முடியும் என்று கேட்டேன்.

"நீதான் கழட்டுனியே ண்ணா. மாட்டவும் மாட்டு வா" என்றாள்.